கூப்பிட்டால் குரல் கொடுக்காத சில்லு

3138. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் போர்டின் முதல் மாடல் 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தபோது, ஆன் செய்த ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலிடம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது ஏறக்குறைய இந்த ஒரு எண் மட்டும்தான். கர்னலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்ளும் பூட்லோடர், விலகுவதற்கு முன் செயலியின் ஆர்1 ரிஜிஸ்டரில் 3138 என்று எழுதிவைக்கும். ஆர்2 ரிஜிஸ்டரில் ஒரு முகவரி இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் நினைவகம் எவ்வளவு, தொடக்கக் கட்டளை என்ன என்பது போன்ற இரண்டு மூன்று துண்டுக் குறிப்புகள் கிடைக்கும். எஸ்டி கார்டு எந்த முகவரியில், யூஎஸ்பி எந்த முகவரியில், பச்சை விளக்கு சில்லின் எந்தக் காலில் என்பதெல்லாம் அந்த 3138-லேயே அடக்கம்.

ஆனால் ஓர் எண்ணுக்குள் அவ்வளவும் அடங்காது. 3138 என்றால் இன்ன போர்டு, அதில் இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று யாரோ ஒருவர் சி மொழியில் முன்கூட்டியே எழுதி, அந்தப் போர்டுக்கான கர்னலோடு சேர்த்துக் கம்பைல் செய்து வைத்திருப்பார். எந்தக் கோப்பைப் பார்ப்பது என்று காட்டுவதோடு எண்ணின் வேலை முடிந்தது. பை போன்ற போர்டுகளில் இருக்கும் ஆர்ம் வகைச் செயலிகளுக்கான லினக்ஸைப் பராமரித்துவந்த ரஸ்ஸல் கிங் இதற்கென்றே ஒரு பதிவேடு வைத்திருந்தார். புதிதாகப் போர்டு செய்பவர் அதில் பதிந்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். ராஸ்பெரி பை போய் நின்றபோது மூவாயிரத்துச் சொச்சம் எண்கள் கொடுக்கப்பட்டு முடிந்திருந்தன.

மேசைக் கணினிக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. புதிய கிராபிக்ஸ் கார்டை வாங்கிச் செருகி ஆன் செய்தால் இயங்குதளம் தானாகவே கண்டுகொள்கிறது. காரணம் பிசிஐ என்ற இணைப்பு முறை. கர்னல் ஒவ்வொரு இடமாகப் போய் "யார் அங்கே?" என்று கேட்கும். கார்டு இருந்தால் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் சொல்லும். இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. தன் பழைய செயலியின் பெயரையே அந்த நிறுவனம் எண்ணாக எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் எதுவும் இல்லையென்றால் எல்லா பிட்டும் 1 என்று பதில் வரும், கர்னலும் ஆளில்லை என்று அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். யூஎஸ்பியும் இதே மாதிரிதான், செருகியதும் தன் விவரத்தைத் தானே ஒப்பிக்கும்.

கைபேசி, வைஃபை ரூட்டர், டிவி பெட்டி ஆகியவற்றுக்குள் இருக்கும் சில்லு வேறு ரகம். செயலி, நினைவகக் கட்டுப்பாடு, எஸ்டி கார்டு, ஒலி, தொடர்வரிசைத் தொடர்பு எல்லாம் ஒரே சிலிக்கான் துண்டில் அடைந்து கிடக்கின்றன. எஸ்ஓசி என்று இதைச் சொல்வார்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் நினைவக முகவரி வரிசையில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எழுதினால் உறுப்பு வேலை செய்யும், படித்தால் தன் நிலையைச் சொல்லும். ஆனால் எந்த இடம் என்பது சில்லை வரைந்தவருக்குத்தான் தெரியும். தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று கர்னல் இறங்கவும் முடியாது. யாரும் இல்லாத முகவரியைத் தொட்டால் செயலி பிழை காட்டும். ஆள் இருந்தும் அந்தப் பகுதிக்குக் கடிகாரத் துடிப்போ மின்சாரமோ திறந்துவிடாத நேரத்தில் தொட்டால் கருவி முழுவதும் அப்படியே உறைந்துபோகலாம். உறைந்த கருவி பிழைச் செய்தியும் தராது.

ஆர்ம் நிறுவனம் வடிவமைத்துத் தரும் பிரைம்செல் வகை உறுப்புகளில் அடையாள எண் உண்டு. அந்த எண் உறுப்பின் 4 கிலோபைட் இடத்தில் கடைசி மூலையில் இருக்கிறது. கடைசி மூலையைப் படிக்க வேண்டுமென்றால் முதல் மூலை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டுமே!

சில்லுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் வெப்பமானி, கடிகாரம், அசைவு உணரி என்று பலவற்றைக் கோர்த்து விடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 7 பிட் முகவரி ஒன்றுதான், பெயர் கிடையாது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லின் முகவரி பதினாறடிமான முறையில் 68. எம்பியூ-6050 என்ற அசைவு உணரியின் முகவரியும் 68-தான். 68-இலிருந்து ஒரு பதில் வந்தால் அது மணி சொல்கிறதா, ஆட்டத்தைச் சொல்கிறதா என்று கர்னலால் பிரித்தறிய முடியாது. போர்டில் சால்டர் வைத்தவர் வாய் திறந்தால்தான் உண்டு.

வாய் திறக்கச் சொல்லி எழுதி வாங்கிய விவரங்கள்தான் அந்த சி கோப்புகள். போர்டு கோப்பு என்பார்கள். ஒரு நிறுவனம், ஒரு சாதனம், ஒரு கர்னல் என்று இருந்தவரை அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ரூட்டர் செய்பவர் தன் ரூட்டருக்கு ஒரு கர்னல் செய்து, பெட்டியில் அடைத்து விற்றுவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவார். லினக்ஸின் பொது மூலநிரலுக்குள் இவை எல்லாம் வந்து குவியத் தொடங்கியபோதுதான் சிக்கல் முற்றியது. ஒரே சில்லை வைத்துப் பத்துப் போர்டு வந்தால் பத்துக் கோப்பு. பத்திலும் முக்கால்வாசி ஒன்று போலவே இருக்கும், முகவரியும் கால் எண்ணும் மட்டும் மாறியிருக்கும். ஒரு போர்டுக்காகக் கம்பைல் செய்த கர்னல் பக்கத்துப் போர்டில் ஓடாது.

2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெடித்தார். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் சில்லுகளுக்கான மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லி வந்த கோரிக்கைக்குப் பதிலாக, ஆர்ம் பகுதி முழுவதும் பெரிய தலைவலி என்று வசைச்சொல்லோடு எழுதினார். அவருடைய வாய்த்துடுக்கு உலகறிந்தது. ஆனால் இந்த முறை கோபத்தில் நியாயம் இருந்தது. கர்னல் என்பது எப்படிச் செய்வது என்ற அறிவு. எங்கே இருக்கிறது என்ற தகவலை அதே நிரலுக்குள் எழுதப் போனால், உலகத்தில் ஒரு போர்டு பிறக்கும்போதெல்லாம் கர்னலும் ஒரு சுற்றுப் பெருக்கும்.

அறிவையும் தகவலையும் பிரிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பிரித்த தகவலை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதற்கு விடை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வீட்டில் தயாராக இருந்தது.

பழைய மரம், புதிய மண்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பணிநிலையக் கணினிகளில் ஓபன்பூட் என்ற தொடக்க மென்பொருள் இருந்தது. மிட்ச் பிராட்லி உருவாக்கியது, ஃபோர்த் மொழியில் எழுதப்பட்டது. கணினியில் என்னென்ன இருக்கிறது என்பதை அது ஒரு மரமாகக் கட்டி இயங்குதளத்திடம் கொடுக்கும். வேர் என்பது கணினி. அதிலிருந்து கிளையாக ஓர் இணைப்புப் பாதை, அந்தப் பாதையில் தொங்கும் கார்டு, கார்டில் தொங்கும் வட்டு. 1994-இல் இது ஐஇஇஇ 1275 என்ற எண்ணில் தரநிலையானது. ஓபன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் ஆப்பிளின் பவர்பிசி மேக்குகளிலும் ஐபிஎம் கணினிகளிலும் குடியேறியது.

2005 வாக்கில் லினக்ஸின் 32 பிட், 64 பிட் பவர்பிசி பிரிவுகளை ஒன்றாக்கும் வேலை நடந்தது. பெரிய கணினிகளில் மரம் இருந்தது. சின்ன எம்பெடட் போர்டுகளில் ஓபன் ஃபர்ம்வேரும் இல்லை, மரமும் இல்லை. அந்த வேலையில் இருந்த பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் எளிய வழி ஒன்று சொன்னார். அந்தப் பெரிய ஃபர்ம்வேர் வேண்டாம், அது தரும் மரம் மட்டும் போதும். மரத்தை ஒரே கோப்பாக மடித்து, பூட்லோடர் அதை நினைவகத்தில் வைத்துவிட்டு முகவரியைக் கர்னலிடம் சொல்லிவிட வேண்டும். மனிதர் படிக்கும் எழுத்து வடிவிலிருந்து இந்த மடித்த வடிவைச் செய்து தரும் டிடிசி என்ற கருவியை டேவிட் கிப்சன் எழுதினார். டிவைஸ் ட்ரீ என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

மடித்த கோப்பின் முதல் நான்கு பைட்டைப் பதினாறடிமான எழுத்துகளில் எழுதினால் ஆங்கிலத்தில் 'டூட் ஃபீட்' என்று படிக்கலாம். கோப்பு உண்மையானதுதானா என்று பார்க்கும் அடையாளம் அது, பொறியாளர் குறும்பும்தான். கோப்பின் எண்கள் எல்லாம் பெரிய பைட் முதலில் என்ற வரிசையில் இருக்கும். இன்றைய ஆர்ம் கருவிகள் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. ஆகவே உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசி கண் விழிக்கும்போதெல்லாம் இந்தக் கோப்பின் எண்களைத் திருப்பிப் போட்டுத்தான் படிக்கிறது. பவர்பிசியில் பிறந்ததற்கான மச்சம் இன்னும் போகவில்லை.

ஆர்முக்கு இதைக் கொண்டுவர கிராண்ட் லைக்லி சில ஆண்டுகளாகவே முயன்றுகொண்டிருந்தார். டோர்வால்ட்ஸின் கோபத்துக்குப் பிறகு தடை சொல்ல ஆளில்லை. ஆர்1-இல் போர்டு எண் வைக்கும் பழக்கம் தேவையற்றதாகிவிட, ஆர்2-இல் மரத்தின் முகவரி வந்து உட்கார்ந்தது. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7 பதிப்பு ஒரே கர்னலைப் பல நிறுவனச் சில்லுகளில் ஓடும்படி கம்பைல் செய்ய வழி திறந்தது. 64 பிட் ஆர்மும் அதே பதிப்பில்தான் நுழைந்தது. போர்டு கோப்பு என்ற பேச்சே அங்கே எடுபடவில்லை, முதல் நாளிலிருந்து டிவைஸ் ட்ரீ மட்டும்தான். எக்ஸ்0 ரிஜிஸ்டரில் மரத்தின் முகவரி இல்லையென்றால் கர்னலுக்குத் தான் எந்த உலகத்தில் பிறந்திருக்கிறோம் என்று தெரியாது.

ஒரு கிளையை எடுத்துப் பார்ப்போம்

ராஸ்பெரி பையில் பிஎல்011 என்ற யூஆர்ட் இருக்கிறது. எழுத்துகளை ஒற்றைக் கம்பி வழியே ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சிறு உறுப்பு, ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்பு. மரத்தில் அதற்கான கிளையின் பெயர் 'சீரியல்@7ஈ201000'. பதினாறடிமான எண்ணில் 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் இலக்கங்கள்தான், அதனால்தான் நடுவில் ஓர் ஈ.

இந்த 7ஈ201000 என்ற முகவரிக்கு ஆர்ம் செயலி போனால் யூஆர்ட்டைக் காணாது. அது அந்தச் சில்லில் வீடியோகோர் என்ற கிராபிக்ஸ் பகுதியின் பார்வையில் உள்ள முகவரி. பிராட்காம் வெளியிட்ட கையேடு எல்லா உறுப்புகளையும் இந்த 7ஈ வரிசையிலேயே அச்சிட்டிருக்கிறது. செயலியின் பார்வையில் முதல் பையில் அதே யூஆர்ட் 20201000-இல் இருக்கிறது, பை 2-இல் 3எஃப்201000, பை 4-இல் எஃப்ஈ201000. போர்டு கோப்புக் காலமாக இருந்தால் மூன்றுக்கும் மூன்று முறை எழுத வேண்டியிருந்திருக்கும். மரத்தில் யூஆர்ட்டின் முகவரி வரியை யாரும் தொடவில்லை. அதன் தாய்க் கிளையில் 'ரேஞ்சஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. 7ஈ000000-இல் தொடங்கும் பகுதியைச் செயலி 20000000-இல் பார்க்கும் என்கிறது அது. பை 2-க்கு அந்த ஒரு வரி மட்டும் 3எஃப்000000 என்று மாறியது, அதன் கீழே தொங்கும் எல்லா உறுப்புகளும் தாமாகவே இடம்பெயர்ந்தன. பட்டியலாக இல்லாமல் மரமாக எழுதியதன் முழுப் பலனும் இந்த ஒரு வரியில் தெரிகிறது.

அடுத்து 'கம்பேட்டிபிள்' என்ற வரி. நிறுவனத்தின் பெயர், கமா, உறுப்பின் பெயர் என்ற முறையில் 'ஆர்ம்,பிஎல்011' என்று எழுதியிருக்கும். உறுப்புகளை இயக்க கர்னலில் உள்ள நிரல்களை டிரைவர் என்பார்கள். பெரும்பாலான டிரைவர்கள் எனக்குத் தெரிந்த பெயர்கள் இவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. பெயர் பொருந்தினால் அந்த உறுப்பு அந்த டிரைவரிடம் போகும். ஒரு பெயர் மட்டுமல்லாமல் குறிப்பானதிலிருந்து பொதுவானது வரை வரிசையாகப் பல பெயர்கள் எழுதலாம். பை 4-இன் வேரில் முதலில் பை 4 மாடலின் பெயர், அடுத்து பிராட்காம் பிசிஎம்2711 என்ற சில்லின் பெயர். பை 4-ஐத் தனியாகத் தெரியாத மென்பொருளும் சில்லின் பெயரைப் பார்த்து ஒப்பேற்றிவிடும்.

பிஎல்011 டிரைவருக்கு ராஸ்பெரி பை என்று ஒரு போர்டு இருப்பதே தெரியத் தேவையில்லை. அதே டிரைவர் கியூஎம்யூ என்ற மென்பொருள் உருவாக்கும் 'விர்ட்' கணினியிலும் ஓடுகிறது. அங்கே யூஆர்ட் 9000000 என்ற முகவரியில். அந்தக் கணினிக்குச் சிலிக்கானும் இல்லை, சால்டரும் இல்லை. ஓடத் தொடங்கும் நொடியில் கியூஎம்யூ தானே ஒரு மரத்தை எழுதிக் கர்னல் கையில் கொடுக்கிறது. மரத்தில் எழுதியிருப்பதைக் கர்னல் கேள்வி கேட்காமல் நம்புகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

கேள்வி கேட்காமல் நம்புவதால்தான் பிழைகள் விசித்திரமாக வருகின்றன. யூஆர்ட் செயலியின் கவனத்தைத் திருப்ப ஒரு குறுக்கீட்டுக் கம்பியை இழுக்கும். பை 4-இல் அது பொதுக் கம்பிகளில் 121-ஆவது. முதல் 32 எண்கள் செயலியின் கருக்களுக்கெனத் தனியாக ஒதுக்கப்பட்டவை, ஆகவே வன்பொருளின் கணக்கில் அது 153. மரத்தில் எழுத வேண்டியது 121. மறந்துபோய் 153 என்று எழுதினால் கம்பைலர் திட்டாது, கர்னலும் திட்டாது. தொடக்கச் செய்திகள் எல்லாம் திரையில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் கர்னல் தன் சொந்தச் செய்திகளைக் குறுக்கீட்டுக்குக் காத்திராமல் நேரடியாகத் தள்ளிவிடுகிறது. பயனர் பெயர் கேட்கும் இடம் வந்ததும் எல்லாம் நின்றுபோகும். விசையை எவ்வளவு தட்டினாலும் பதில் வராது. நன்றாகத்தானே ஓடியது என்று கம்பியையும் விசைப்பலகையையும் மாற்றிப் பார்ப்பதில் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

கடிகாரத்தைத் தவறாகச் சொன்னால் வேறு வேடிக்கை. நொடிக்கு 1,15,200 பிட் வேகம் வேண்டுமென்றால், யூஆர்ட்டுக்கு வரும் துடிப்பை அந்த வேகத்தின் 16 மடங்கால் வகுத்து, வரும் ஈவை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். துடிப்பு 48 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஈவு 26.04. உண்மையில் 48 இருக்கும்போது மரம் 24 என்று சொன்னால் டிரைவர் 13.02 என்று எழுதும், எழுத்துகள் இரண்டு மடங்கு வேகத்தில் பாயும், எதிர்முனையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் குவியும். ராஸ்பெரி பையிலேயே இந்தத் துடிப்பு ஆரம்ப நாள்களில் 3 மெகாஹெர்ட்ஸாக இருந்து பிறகு 48 ஆனது. அதனால்தான் விவரமானவர்கள் மரத்தில் எண்ணை எழுதாமல், துடிப்பு இன்ன கடிகாரக் கிளையிலிருந்து வருகிறது, அங்கே போய்க் கேட்டுக்கொள் என்று ஒரு சுட்டியை மட்டும் வைக்கிறார்கள்.

சில்லு ஒன்றே ஆனாலும் போர்டு வேறாகலாம். சில்லைப் பற்றியவை ஒரு கோப்பிலும், போர்டைப் பற்றியவை அதை உள்ளிழுத்துக்கொள்ளும் இன்னொரு கோப்பிலும் எழுதப்படுகின்றன. சில்லுக் கோப்பில் பல உறுப்புகள் 'டிசேபிள்டு' என்றே கிடக்கும். போர்டில் எதற்குக் கம்பி இழுத்திருக்கிறதோ அதை மட்டும் போர்டுக் கோப்பு எழுப்பிவிடும். பை 3-லும் 4-லும் நாம் பார்த்த பிஎல்011 சாதாரணமாக வெளிக் கால்களுக்கு வருவதில்லை, போர்டிலுள்ள ப்ளூடூத் சில்லோடு பேசிக்கொண்டிருக்கும். அதை மீட்க விரும்புபவர்கள் தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வரி ஓவர்லே என்ற சிறு மரத் துண்டைப் பெரிய மரத்தின் மேல் ஒட்டுகிறது. மேலே செருகும் ஹேட் கார்டுகள் சிலவற்றில் ஒரு குட்டி நினைவகச் சில்லில் இந்தத் துண்டே எழுதியிருக்கும். கூப்பிட்டால் குரல் கொடுக்காத உலகத்துக்கு, பிசிஐ கார்டின் வழக்கம் பின்வாசல் வழியாக நுழைந்த கதை இது.

எழுதக்கூடாதவை

மரத்தில் வன்பொருளை மட்டும்தான் எழுத வேண்டும், அதை வைத்து என்ன செய்வது என்று எழுதக்கூடாது என்பது விதி. நிலத்துக்குப் பட்டா இருப்பது போல. புல எண் சொல்லும், பரப்பு சொல்லும், நெல் போடு என்று சொல்லாது. காரணம், இந்த மரம் லினக்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. ஃப்ரீபிஎஸ்டி படிக்கிறது, யூ-பூட் என்ற பூட்லோடர் படிக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான செஃபைர் இயங்குதளமும் இதையே எடுத்துக்கொண்டது. சில கிலோபைட் நினைவகத்தில் மரத்தைத் தூக்கிச் சுமக்க முடியாது என்பதால், கம்பைல் செய்யும்போதே அதைப் படித்து மாறிலிகளாக மாற்றிவிட்டு மரத்தை வெளியே விட்டுவிடுகிறது. 2016-இல் மரத்துக்கென்றே தனித் தரநிலை ஆவணத்தின் முதல் பதிப்பும் வந்தது.

விதியைக் காப்பது கடினம். எல்இடி எந்தக் காலில் என்பது வன்பொருள். அது எந்த நிகழ்ச்சிக்கு மினுக்க வேண்டும் என்பது யாருடைய வேலை? மரத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு, முன்னால் 'லினக்ஸ்,' என்ற ஒட்டோடு. எங்கள் வீட்டு விவகாரம், மற்றவர் கண்டுகொள்ள வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு. எனக்கு இதில் பெரிய குற்றம் தெரியவில்லை. எல்இடி மினுக்குவதற்காக ஒரு தத்துவச் சண்டை போட்டுக்கொண்டிருக்க முடியாது.

உண்மையான சண்டை வேறு இடத்தில். பழைய மரத்தோடு புதிய கர்னல் ஓட வேண்டும் என்பது கர்னல்காரர்கள் கொடுத்த வாக்கு. ஐந்தாண்டுக்கு முன் பூட்லோடரோடு எழுதிவைத்த மரத்தை இன்றைய கர்னல் படிக்க வேண்டும். அப்படியானால் ஓர் உறுப்பைப் பற்றிய விவரத்தை எந்தப் பெயரில், எந்த வடிவில் எழுதுவது என்பதை முதல் முறையே சரியாக முடிவுசெய்தாக வேண்டும். அந்த உறுப்பையே முழுதாகப் புரிந்துகொள்ளாத நாளில் அது எப்படிச் சாத்தியம்? நடைமுறையில் மரங்கள் கர்னல் மூலநிரலுக்குள்ளேயே வாழ்கின்றன, பல கருவிகளில் கர்னலோடு சேர்ந்தே மாறுகின்றன, வாக்கும் அவ்வப்போது மீறப்படுகிறது. தொடக்கத்தில், எந்த உறுப்பை மரத்தில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் இலக்கண விளக்கங்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருந்தன, யார் மீறினாலும் தெரியாது. இப்போது அவை இயந்திரம் படிக்கக்கூடிய யாமல் என்ற வடிவத்துக்கு மாற்றப்பட்டுவருகின்றன, ராப் ஹெர்ரிங் இதில் முன்னின்றவர். மரம் இலக்கணத்துக்கு உட்பட்டதா என்று இயந்திரமே சோதித்துச் சொல்கிறது. ஆனால் இலக்கணம் சரி என்பதற்கும் உண்மை சரி என்பதற்கும் தூரம் உண்டு. 121 என்பதற்குப் பதில் 153 என்று எழுதினால் இலக்கணச் சோதனை நிம்மதியாகத் தேறிவிடும்.

இதற்கு மாற்றாக ஏசிபிஐ இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து பிசிக்களுக்காகக் கொண்டுவந்தது. அதில் விவரம் மட்டுமல்லாமல் கர்னல் ஓட்டிப் பார்க்க வேண்டிய சிறு நிரல்களும் இருக்கும். 2015 முதல் ஆர்ம் சர்வர்களில் லினக்ஸ் அதையும் ஏற்கிறது. ஒரே மாதிரியான சர்வர்களை நூற்றுக்கணக்கில் அடுக்குபவர்களுக்கு அது வசதி. நூறு கடிகாரங்களையும் நூறு மின்வழங்கிகளையும் கர்னலே நேரடியாகக் கையாள வேண்டிய கைபேசிச் சில்லுக்கு மரமே பொருந்துகிறது.

ஆப்பிள் விஷயத்தில் கதை வளைந்து திரும்புகிறது. எம்1 சில்லுள்ள மேக்கில் லினக்ஸை ஓட்ட அசாஹி என்ற குழுவினர் முனைந்தபோது, உள்ளே ஆப்பிளுக்கே உரிய ஒரு டிவைஸ் ட்ரீ இருந்தது, ஓபன் ஃபர்ம்வேர் காலத்தின் வாரிசு. வடிவம் வேறு, பெயர்கள் வேறு. எம்1என்1 என்ற அவர்களுடைய தொடக்க நிரல் அதிலிருந்து தேவையான விவரங்களை எடுத்து, லினக்ஸ் படிக்கும் மரத்தில் நிரப்பிக் கர்னலிடம் கொடுக்கிறது. எம்1-க்கான ஆரம்ப ஆதரவு 2021-இல் லினக்ஸ் 5.13 பதிப்பில் சேர்ந்தது. சென்னை ஐஐடியின் சக்தி திட்டச் சில்லு 2018-இல் லினக்ஸை ஓட்டியபோது இவ்வளவு வம்பு இருக்கவில்லை. அது ரிஸ்க்-5 வகைச் செயலி. அந்த வகைக்கான லினக்ஸில் ஏ1 ரிஜிஸ்டரில் மரத்தின் முகவரியை வைத்துக் கொடுப்பது முதலிலிருந்தே வழக்கம். வடிவமைப்பும் திறந்த வடிவமைப்பு.

மூடிய வடிவமைப்பு உள்ளவர்களோடுதான் இன்றைய மல்லுக்கட்டு. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியின் சில்லுக்கும் மரம் இருக்கிறது, அது இல்லாமல் அந்தக் கைபேசி எழுந்திருக்கவே முடியாது. ஆனால் அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தனக்கென வெட்டி ஒட்டிக்கொண்ட கர்னலுக்காக எழுதியது, பொதுக் கர்னலின் இலக்கணத்துக்கு ஒத்துவராது. அந்தத் தனிக் கர்னலைப் புதுப்பிப்பதைத் தயாரிப்பாளர் நிறுத்தும் நாளில் கைபேசியின் ஆயுளும் முடிகிறது, சில்லு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

2015-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஷாவ்மி ரெட்மி 2-இன் உள்ளே இருப்பது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 410. இன்று பொது லினக்ஸ் கர்னலின் மூலநிரலில் அந்தக் கைபேசிக்கென்று ஒரு மரம் இருக்கிறது. அதே சில்லுள்ள பல பழைய கைபேசிகளுக்கும் இருக்கிறது. இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. தயாரிப்பாளர் வெளியிட்ட பழைய கர்னல் மூலநிரலில் முகவரிகளையும் கால் எண்களையும் தேடிப் பொறுக்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுத வேண்டிய வேலை அது. ஒரே மாடலிலேயே திரை இரண்டு மூன்று நிறுவனங்களிடமிருந்து வந்திருக்கும். எந்தத் திரை என்று பூட்லோடரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பழைய மூலநிரல் வெளியே வந்திராவிட்டால் இந்த வேலை தொடங்கியே இருக்காது. லினக்ஸ் கர்னலின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. அந்தக் கர்னலைக் கருவிக்குள் வைத்து விற்பவர், கேட்பவருக்கு மூலநிரலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பலர் கொடுப்பதில்லை, சிலர் ஆண்டுக்கணக்கில் தாமதித்துக் கொடுக்கிறார்கள், இன்னும் சிலர் மரக் கோப்புகளை விட்டுவிட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை கைபேசி வாங்குவதற்கு முன் அந்த நிறுவனம் பழைய மாடல்களின் கர்னல் மூலநிரலை வெளியிட்டிருக்கிறதா என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். வாங்கிய பிறகு அது வரவில்லையென்றால் கேட்டு எழுதுங்கள். கேட்பதற்கு நீங்கள் நிரலாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை, கைபேசி உங்களுடையதாக இருந்தால் போதும்.